ஹக்கா தொப்பியும் எங்கள் கோணி ஊசியும்

கிடங்கு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேச்சு வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊசியில் நூல் கோப்பது எப்படி என்று இதில் இருக்காது. அதை உங்கள் விரல்களே நாலு குத்து வாங்கிக் கற்றுக்கொள்ளும். கிழிந்த மூட்டையைத் தைப்பது, உடைந்த பெட்டிக்கு ஆணி அடிப்பது, நனைந்த சரக்கைக் காயவைத்து மறுபடி கட்டுவது, இவ்வளவுதான் நம் வேலை. இதில் அனுபவம் என்று சொல்ல என்ன கிடக்கிறது என்று உங்களில் சிலர் வாய்க்குள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான்.

திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கில் நூரக்கா என்றால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். கோபக்காரி என்றும் சேர்த்தே சொல்வார். தப்பில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து கோணி ஊசியோடு வந்து சேர்ந்தவள், பிறகு அந்தத் தையல் கேங்குக்கே பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றேன். கத்தாமல் இருந்திருந்தால் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் என் குரல் யார் காதிலும் விழுந்திருக்காது.

எனக்கு முதலில் வாய்த்த மேஸ்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான். "ஓட்டையப் பாத்தா அட. பேச்செல்லாம் அப்பால." ஒருமுறை மழை இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் சர்க்கரை மூட்டை ஒன்று கிழிந்து கொட்ட ஆரம்பித்தது. யார் கொக்கி போட்டது, யார் இழுத்தது என்று லோடுமேன்களும் டிரைவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டையில் தன் முதுகை வைத்து அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஊசி என்று கையை நீட்டினார். நான் தைத்து முடித்த பிறகு எழுந்து, "இப்ப அடிச்சுக்கங்கடா" என்றார். அதற்குள் சண்டை போடுகிற எண்ணமே அவர்களுக்குப் போய்விட்டது.

அந்தப் பாடத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். என் கேங்கில் இருந்த எல்லோருக்கும் அதையே ஓதினேன். கிழிசல், பிளவு, எலி கடித்தது, ஆணி குத்தியது, எதுவாக இருந்தாலும் கண்ணில் பட்டதும் கை தானாகப் போய்விடும். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கமே ஒருநாள் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹக்கா என்றதும் உங்களுக்கு நூடுல்ஸ் ஞாபகம் வரும். எனக்கும் அன்றுவரை அப்படித்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் சூசன், மெட்ரோவில் வந்து இறங்கி எங்கள் கேட்டில் நின்று "நாங்க ஹக்கா" என்றபோது, ஓட்டல் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது சீனாவில் ஒரு ஜனம், ஊர் ஊராகக் குடிபோயே பழகிய ஜனம் என்று அவள்தான் சொன்னாள். அவள் அம்மா ஹாங்காங் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கல்யாணமாகி முதலில் கல்கத்தா, அப்புறம் மெட்ராஸ். அப்பா ஷூ தைப்பவர். சூசனும் அவள் அக்கா ஆனியும் பிறந்து வளர்ந்ததெல்லாம் வண்ணாரப்பேட்டையில்தான். முகத்தைப் பார்த்துவிட்டு யாராவது இங்கிலீஷில் ஆரம்பித்தால், "இன்னாபா, தமிழ்ல கேளு" என்று சூசன் ஒரு அதட்டுப் போடுவாள்.

ஆனி கல்யாணம் ஆகி ஹாங்காங் போனவள். அங்கே வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறுகிறாள் என்று, தன்னிடம் இருந்த அம்மாவின் சாமான்களை ஒரு பெரிய பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தாள். வருகிற வழியில் கன்டெய்னரின் கூரையில் ஒழுகல். உள்ளே இருந்த பலபேர் சாமானோடு இதுவும் நனைந்துவிட்டது. பிரித்து, காயவைத்து, சரிசெய்து, மறுபடி கட்டிக் கொடுக்க வேண்டியது எங்கள் கேங்கின் வேலை. விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள் சூசன்.

"நூரக்கா, அதுக்குள்ள எங்கம்மா தொப்பி கீது. மத்ததெல்லாம் போனா போவுது. அத மட்டும் பாத்துக்க" என்றாள்.

எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"வட்டமா, தட்டு கணக்கா இருக்கும். மூங்கில்ல பின்னது. சுத்தியும் கறுப்புத் துணி தொங்கும், மூஞ்சில வெயிலு படாம. கட்டிக்கறதுக்கு ஒரு நாடா கீது. அதுவும் கையால நெய்ஞ்சதுதான். ஊருக்கு ஒரு தினுசா நெய்வாங்கன்னு அம்மா சொல்லும்."

அவள் அம்மா அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வண்ணாரப்பேட்டை மொட்டைமாடியில் கடுகுக்கீரையை உப்புப் போட்டுக் காயவைப்பாராம். தெருவில் எல்லோருக்கும் அவர் தொப்பிக்காரம்மா. அவர் இறந்தபோது, தொப்பி யாருக்கு என்பதில் அக்கா தங்கைக்குள் பெரிய சண்டை. "ஆனி ஒரு வார்த்த சொன்னா நூரக்கா. அத என் வாயால திருப்பிச் சொல்ல மாட்டேன்" என்றாள். தொப்பியை ஆனி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இப்போது பெட்டி வருகிற செய்திகூட ஓர் உறவுக்காரர் மூலமாகத்தான் வந்திருந்தது.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சமாதானமா அனுப்பிச்சாளா, வேண்டாத சாமான்னு தள்ளிவுட்டாளா, எனுக்குத் தெர்ல. தொப்பியப் பாத்தா தெரிஞ்சிடும்."

எனக்கு மனசு இளகிவிட்டது. என் கேங்கில் குப்பு என்று ஒருத்தி இருந்தாள். காசிமேட்டில் மீன்கூடை பின்னுகிற வீட்டில் பிறந்தவள். மூங்கிலைக் கண்டால் அவள் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவளைக் கூப்பிட்டு, "குப்பு, அந்தப் பெட்டியில ஒரு தொப்பி இருக்கு. அந்தப் பொண்ணுக்கு அதுதான் உசுரு. உன் கையால நல்லா பண்ணி வை" என்று சொல்லிவிட்டு, வேறொரு சரக்கைப் பார்க்க மீஞ்சூர் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தேன். கிடங்குக்குப் பின்னால் கயிற்றில் தொப்பி காய்ந்துகொண்டிருந்தது. கறுப்புத் துணியை அலசி, மடிப்பு கலையாமல் நீவி விட்டிருந்தாள். நடுவில் புதுமூங்கில் வெளிறிய நிறத்தில், கோலம் போட்டதைப்போல, அப்படி ஒரு பின்னல். நான் அசந்துபோனேன்.

"கையக் குடுடி குப்பு" என்றேன்.

குப்புவுக்கு வாயெல்லாம் பல். "நடுவால இத்தாம்பெரிய ஓட்டக்கா! எலி கடிச்சிச்சோ, எவனாச்சும் அறுத்தானோ, பாக்கவே பேஜாராப் பூட்ச்சு. ஓட்டைய வச்சுகினு தலைல மாட்னா வெயிலு மண்டையப் பொளந்துடாது? அந்தம்மா பொண்ணு பாவம்னு, உடஞ்ச பெட்டிலேந்து மூங்கில எடுத்து, சிம்பு சிம்பாச் சீவி அடச்சுட்டேன்."

நான் தொப்பியை இறக்கித் திருப்பிப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்க இல்லை, பின்பக்கம் எப்படி முடித்திருக்கிறாள் என்று ரசிக்கத்தான். புதுப் பின்னல் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு வளையம் தெரிந்தது. தொப்பியின் வெளி விளிம்பை எப்படிச் சுற்றிக் கட்டியிருந்தார்களோ, அதேபோலச் சுற்றிக் கட்டிய உள் விளிம்பு. அதே கை, அதே பழுப்பு. எலி கடித்த ஓட்டைக்கு யார் விளிம்பு கட்டுவார்கள்? மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை கடல் தண்ணீருக்குப் பிறகும் அந்த வளையத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் வாசம் லேசாக இருந்தது. மூங்கில் அங்கே எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது.

அந்த ஓட்டை தொப்பியோடு பிறந்த ஓட்டை.

சூசன் ஏன் அதைச் சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் அவள்மேல்கூடக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். வளையலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவள், நடுவில் ஓட்டை இருக்கும் என்றா அடையாளம் சொல்வாள்? அவளுக்கு அது ஓட்டையே இல்லை, தொப்பி. ஓட்டையாகத் தெரிந்தது எங்களுக்குத்தான். காலமெல்லாம் ஓட்டைகளை அடைத்தே சோறு தின்றவர்கள் நாங்கள்.

குப்புவிடம் விளிம்பைக் காட்டினேன். ஒருமுறை தடவிப் பார்த்தாள். கூடைக்காரி அல்லவா, விரலே அவளுக்குச் சொல்லிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பிரிச்சுடட்டா?"

"பிரிக்க முடியுமா?"

"பழய சிம்புக்குள்ள வுட்டு வுட்டு வாங்கிகீறேன். அவசரப்பட்டா பழசு முறிஞ்சிடும்" என்றாள்.

அந்த நேரத்தில் மேனேஜர் வந்தார். சின்ன வயது, நல்ல பையன், எங்கள் கேங்குக்காக எத்தனையோ தடவை மேலிடத்தில் பேசியவர். விஷயத்தைச் சொன்னேன். தொப்பியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நூரக்கா, கொஞ்சம் நிதானமா யோசிங்க. ஓட்டையா வந்த பொருளை ஓட்டை இல்லாம குடுக்கறோம். இதுக்கு யார் சண்டைக்கு வருவாங்க? அப்படியே கேட்டாலும், வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடலாம். உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம் வேற. கஸ்டமர் பொருளை மாத்திட்டாங்கன்னு மேலே புகார் போச்சுன்னா, முதல்ல குப்புவைத்தான் வீட்டுக்கு அனுப்பச் சொல்வாங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. குப்பு வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு." நம் தொழிலில் இதைப்போல் சுலபமான வார்த்தை கிடையாது. நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். சொன்னதும் பழி நம் தோளை விட்டு இறங்கிவிடும். ஆனால் காற்றிலா போகும்? பெட்டி கட்டியவர் தலையில் போய் உட்காரும். வழக்கமாக அது ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கம்பெனி. வலிக்காது. இந்தத் தடவை பெட்டி கட்டியவளுக்கு ஆனி என்று ஒரு பெயர் இருந்தது. வரும்போதே அப்படித்தான் என்றால், ஆனி அப்படி அனுப்பினாள் என்று அர்த்தம். அந்த அர்த்தத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ஒருத்தி நேற்று வந்துவிட்டு இன்றைக்கும் கேட்டில் நிற்கிறாள்.

அது முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வேறு வழி ஒன்று மனசில் ஓடியது. சூசனை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, பொறுமையாகப் பிரித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கொடுத்துவிட்டால் என்ன? யாருக்கும் நஷ்டமில்லை, குப்பு வேலைக்கும் ஆபத்தில்லை. அந்தப் பக்கம் நான் நன்றாகவே சாய்ந்துவிட்டேன். பிரிக்கும்போது பழைய சிம்பு முறிந்தால் அப்போது என்ன சொல்வது என்பதை மட்டும் யோசிக்காமல் ஒதுக்கி வைத்தேன். கேட்டுக்குப் போய்ச் சூசனுக்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று திரும்பினால், அவள் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். நேற்றும் பார்த்த முகம் என்று செக்யூரிட்டி உள்ளே விட்டிருந்தார்.

அவள் பார்வை என்மேல் இல்லை. என் கையில் இருந்த தொப்பிமேல். அம்மாவைப் பார்த்துவிட்ட குழந்தையைப்போல முதலில் அவள் முகம் மலர்ந்தது. கிட்டே வந்து கையில் வாங்கினாள். அப்புறம்தான் நடுவைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"பாத்தியா நூரக்கா. அடச்சு அனுப்பிகீறா."

அவள் விரல் புதுப் பின்னல்மேல் போயிற்று.

"இந்த ஓட்டைல எங்கம்மா கொண்ட வெளிய நிக்கும். அதுக்குத்தான் இது. சூடும் மேல போயிடும், காத்தடிச்சாலும் தொப்பி பறக்காது. அம்மா சாவு வூட்ல அத்தினி பேர் எதிர்ல ஆனி இன்னா சொன்னா தெரியுமா? கொண்டையே இல்லாத தலைக்கு இந்தத் தொப்பி எதுக்குடின்னா." சூசனுக்குப் பார்லர்க்காரிக்கே உரிய குட்டை முடி, காது வரைக்கும்தான். அதை ஒரு கையால் இழுத்துக் காட்டினாள். "அன்னிக்கு வாயால சொன்னா. இன்னிக்குக் கொண்டைக்கு இருந்த வழியயே அடச்சு அனுப்பிச்சுட்டா. கடல் தாண்டி வந்து என்ன அசிங்கப்படுத்திகீறா."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். பேச்சு நின்றுபோன நாளிலிருந்து அழுத்தாத பெயரை அழுத்தினாள். வீடியோ கால் மணி அடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

பிள்ளைகளே, நெருக்கடி என்றால் கிரேன் அறுந்து விழுவது, சரக்கு தீப்பிடிப்பது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்ததிலேயே பெரிய நெருக்கடி அந்தப் போனின் மணிச் சத்தம்தான். அந்தப் பக்கம் எடுத்தால் இவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். சொன்ன பிறகு அடைக்க முடியாது. யோசிக்கவெல்லாம் நேரமில்லை.

"சூசன், ஆனி பண்ணலம்மா. நாங்க பண்ணோம்."

அவள் என்னைப் பார்த்தாள். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

"ஓட்டையோடதான் வந்துச்சு. கிழிஞ்சிடுச்சுன்னு நெனச்சு எங்க கேங்தான் அடைச்சது. இதுல உங்க அக்கா கை படல. பழி எல்லாம் என்னுது" என்றேன்.

குப்பு எழுந்து முன்னால் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நூரக்கா பொய் சொல்லுது. அது ஊர்லயே இல்ல. நான்தாம்மா அடச்சேன். உன் தல காயுமேன்னு அடச்சேன்" என்றாள்.

அதற்குள் போனில் ஒரு குரல்.

"சூசி?"

சூசன் போனைக் கிட்டே கொண்டுபோனாள்.

"சூசி, தொப்பி வந்துச்சாடி? நனஞ்சு போச்சுன்னாங்களே, தொப்பிக்கு ஒண்ணும் ஆவலியே?"

வேண்டாத சாமான் என்று தள்ளிவிட்டவள், இத்தனை காலம் கழித்துப் பேசும்போது முதல் பேச்சாக அதையா கேட்பாள்? சூசனுக்குக் கேட்க வேண்டிய கேள்வி அதற்குமேல் இல்லை. தொப்பியைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"அய்ய, இன்னாடி இது, கொண்டைக்கு வழியக் காணோம்?"

சூசன் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். நான் போனை வாங்கி, யார் என்று சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் ஆனியிடம் சொன்னேன். குப்பு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யம்மா, கூடை மாதிரி நெனச்சுட்டேன்மா. ஓட்டை வேணும்னு யாராச்சும் பின்னுவாங்களா?" என்றாள்.

"ஏன், நீ சும்மாடு சுத்துனதே இல்லியா?" என்றாள் ஆனி.

குப்பு நெற்றியில் அறைந்துகொண்டாள். மீன்கூடையைத் தூக்குமுன் தலைக்கு அண்டக்கொடுக்கத் துணியை வட்டமாகச் சுற்றுகிற சும்மாடு. நடுவில் ஓட்டை இல்லாமல் சும்மாடு ஏது? பிறந்ததிலிருந்து அதைத் தலையில் சுமந்தவள் அவள். "அந்த ஓட்டைய எவ அடைப்பா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா!" என்று அவள் எங்கள்மேலேயே பாய்ந்தபோது, ஹாங்காங்கில் ஆனி சிரிக்கும் சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது.

அப்புறம் வேலை. அம்மா தொப்பியில் கை வைக்குமுன் ஈரத்துணியைப் போட்டு நன்றாக ஊறவைப்பார் என்று ஆனி சொன்னாள். ஊறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் அக்கா தங்கை பேசிய பேச்சு உங்களுக்கு வேண்டாம். கடுகுக்கீரை, மொட்டைமாடி, எதிர்வீட்டுப் பூனை என்று ஓடியது. சாவு வீட்டில் சொன்ன வார்த்தையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. மேனேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார். போனை ஒரு மூட்டைமேல் சாய்த்துவைத்து, குப்பு எதிரே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். பின்னும்போது அவள் கையில் இருக்கிற வேகம் இப்போது இல்லை. ஒவ்வொரு சிம்பையும் குழந்தை கையிலிருந்து முள் எடுப்பதுபோல் எடுத்தாள்.

ஓர் இடத்தில் டிக்கென்று சத்தம். பழைய சிம்பு ஒன்று முறிந்துவிட்டது. குப்பு கையை எடுத்துவிட்டாள். என்னையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை.

"வுடு குப்பக்கா, அது ரொம்பப் பழசு" என்றாள் சூசன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டாள். "அந்த எடத்துல உன்னுது ஒண்ணு இருக்கட்டும்."

ரகசியமாகப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சிம்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க இன்னொன்று என்று போயிருப்போம். சொல்லிவிட்டுச் செய்ததால், முறிந்த இடத்தில் எங்கள் கிடங்கின் புதுச் சிம்பு ஒன்று அந்தத் தொப்பியில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

என் மேஸ்திரியை நான் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை கொட்டும்போது ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். அவர் சொன்னதோடு ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், கொட்டாத ஓட்டைக்கு முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அது காயம். விளிம்பு கட்டியிருந்தால் அதை யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். போய்க் கேட்டுவிட்டு வந்து கை வையுங்கள். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கேங்கில் யார் ஊசியை எடுத்தாலும், "ஓரம் பாத்தியா?" என்று இன்னொருத்தி கேட்பாள். மேனேஜரும் கேட்க ஆரம்பித்துவிட்டார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது மேலிடத்தில் அவரே இந்தக் கதையைச் சொன்னாராம், நல்லபடியாகத்தான்.

அன்று பொழுது சாயுமுன் வேலை முடிந்தது. நாடாவைக் கோத்து, கறுப்புத் துணியை உதறி, குப்பு தன் கையாலேயே சூசன் தலையில் தொப்பியை வைத்தாள். வைத்த கையை எடுத்ததும் தொப்பி வழுக்கி மூக்குக்கு வந்துவிட்டது. சரிசெய்து வைத்தாள். பின்னால் வழுக்கியது. நடுவில் கொண்டை நிற்க வேண்டிய இடத்தில் காலி. சாவு வீட்டு வார்த்தை எல்லோர் ஞாபகத்திலும் இருந்தது. சூசன் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தாள்.

ஆனியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிய வளத்து வைடி. நான் வந்து கொண்ட போட்டு வுடறேன்."

நான் ஓய்வு பெற்ற அன்றைக்குச் சூசன் கிடங்குக்கு வந்திருந்தாள். கழுத்துக்கு மேலே, ஊர்ப்பட்ட கிளிப்புகளைக் குத்தி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை. குப்பு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொப்பி நிற்க இது பத்தாது என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆனி டிக்கெட் போட்டுட்டா, பொங்கலுக்குத்தான் வருது" என்றாள் சூசன். "அதுக்குள்ள வளந்துடும்."